நான் தாண்டிப்போன நூற்பா

1994ஆம் ஆண்டு, காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். விழுப்புரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. எட்டாம் வகுப்பில் ஐம்பால் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று எழுதி முடித்துத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "தமிழம்மா, ஒன்பது எந்தப் பால்?"

வகுப்பே சிரித்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மூன்றாவது பெஞ்சின் சுவரோரத்தில் ஒருத்தி புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். இன்று அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். அன்று வருகைப் பதிவேட்டில் பையன்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அரைக்கால் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. கோலம் போடுவதுபோலக் கையெழுத்து. பையன்களோடு சேராமல் பெண்கள் வரிசையின் ஓரத்தில் ஒட்டி நடப்பாள். 'ஒன்பது' என்ற பெயரை எப்போதோ வகுப்பு அவளுக்குச் சூட்டிவிட்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

நான் கேட்டவனைக் கூப்பிட்டு, மர ஸ்கேலால் உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது பெஞ்சைப் பார்த்து, "நீயும் ஒழுங்கா ஆம்பளப் புள்ள மாதிரி நிமிர்ந்து உட்காருடா" என்றேன். பிறகு பாடத்தைத் தொடர்ந்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. பொங்கல் கழிந்தும் வரவில்லை. பதிவேட்டில் சிவப்பு மையில் நீள் கோடு இழுத்து, 'இடைநிற்றல்' என்று எழுதினேன்.

அந்தப் பையன் கேட்டது கேலிக்காகத்தான். ஆனால் அது இலக்கணக் கேள்வி. அதற்கு விடை இருந்தது. அந்த விடையை நான் படித்திருந்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் தொடங்குகிறது. முதல் நூற்பா உயர்திணை, அஃறிணை என்று பொருள்களைப் பிரிக்கிறது. இரண்டாவது, உயர்திணையின் மூன்று பால்களைச் சொல்கிறது. மூன்றாவது அஃறிணையின் இரண்டு பால்கள். நான் கரும்பலகையில் எழுதிய ஐந்தும் அத்தோடு முடிந்துவிடும். அடுத்த நூற்பாவிலேயே தொல்காப்பியர் அந்தப் பையனின் கேள்விக்கு வந்துவிடுகிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கென்று தனி ஈறு கிடையாது, அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு முடியும் என்கிறார். பேடியையும் தெய்வத்தையும் ஒரே மூச்சில், ஒரே நூற்பாவில் வைத்துவிட்டார். இன்னும் எட்டு நூற்பாக்கள் தள்ளி, பன்னிரண்டாவதில் மறுபடி அவர்களிடம் திரும்புகிறார். ஆண்மை திரிந்தவரின் பெயர், ஆணைக் குறிக்கும் ஈறு பெறுவதற்கு இடமே இல்லை என்று முடித்துவிடுகிறார். பெண்ணாகத் தன்னை உணர்கிறவளை 'வந்தான்' என்று சொன்னால் அது வழு. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை போல அதுவும் ஒரு பிழை.

நான் அன்று "உட்காருடா" என்றேனே, தமிழாசிரியையான நான், கையில் சிவப்பு மையோடு.

நாங்கள் ஏன் அந்த நூற்பாவைத் தாண்டினோம் என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். எங்கள் பேராசிரியர் அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "இது உங்களுக்கே விளங்கும்" என்று சொல்லி அடுத்த நூற்பாவுக்குப் போனார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம். உரையாசிரியர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. இளம்பூரணர், சேனாவரையர் எல்லாம் பேடி என்ற சொல்லுக்குப் பெண்பால் முடிபும் பலர்பால் முடிபும் காட்டி, வேறு எந்தச் சொல்லுக்கும் விளக்கம் சொல்வதைப்போல நிதானமாகச் சொல்லிப்போகிறார்கள். கூச்சம் எங்கள் வகுப்பறையில் வந்து சேர்ந்தது. இந்தத் தொழிலில் ஆசிரியர் எதைத் தாண்டுகிறாரோ அதைத்தான் மாணவர் முதலில் கவனிக்கிறார்.

பவணந்தி முனிவர் நன்னூல் எழுதியது 13ஆம் நூற்றாண்டில். அவரும் பெயரியலில் ஐம்பாலைச் சொன்ன கையோடு இதற்கு வருகிறார். தொல்காப்பியர் சொல்லாத ஒன்றையும் சொல்கிறார். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்புகிறவர் ஆண்பால், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புகிறவர் பெண்பால். விருப்பம் என்ற சொல்லை இலக்கணத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். பிறந்த உடலைப் பார்த்துப் பால் சொல்லவில்லை, அவர் எதை நாடுகிறார் என்று பார்த்துச் சொல்கிறார். இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் மூன்றாவது அடியில், இரு சாராரும் அஃறிணை போலவும் ஆவர் என்று சேர்த்துவிட்டார். அந்த ஓரடி எனக்கு நெஞ்சில் முள். மாடு வந்தது, மரம் விழுந்தது என்பதோடு ஒரு மனிதரைச் சேர்க்கலாம் என்ற அனுமதி அது. "அது வருது பாருடா" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னபோது அவர்கள் நன்னூல் படித்துவிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் நடுவில் இந்தச் சமூகத்தின் பார்வையில் ஏதோ இறங்கியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இந்த நூற்பாக்களை வைத்துக்கொண்டு, பழந்தமிழர் எல்லோரையும் மதித்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணம் மொழியின் வழக்கைச் சொல்கிறது, மனிதர் நடந்துகொண்ட விதத்தை அதிலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று, காமன் பேடு உருவில் ஆடிய ஆடல். மணிமேகலையில் புகார் நகரத்துத் தெருவில் பேடிக் கோலத்துக் கூத்தைச் சனம் கூடி நின்று பார்க்கிறது. கூத்தாகப் பார்த்தார்கள், சரி. கூத்து முடிந்ததும் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தார்களா? ஔவையார் பெயரில் வழங்கும், அரிதானவற்றை அடுக்கிச் சொல்லும் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளி ஆண்டுவிழாவில் முருகன் வேடமும் ஔவை வேடமும் போட்டு அதைப் பாடாத ஊர் இல்லை. அந்தப் பாட்டில், உடற்குறைகளின் பட்டியலில் பேடும் இருக்கிறது, அப்படிப் பிறக்காமலிருப்பது பாக்கியம் என்று. எத்தனை ஆண்டுவிழாக்களில் நானே ஒத்திகை பார்த்துப் பாடவைத்திருக்கிறேன். கூட்டத்தில் யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்ததில்லை.

அதே பள்ளியில் மார்கழி மாதம் திருவெம்பாவை ஒப்பிப்பார்கள். அதில் ஒரு பாட்டில் மாணிக்கவாசகர், இறைவன் பெண்ணாகவும் ஆணாகவும் அலியாகவும் நிற்கிறான் என்கிறார். காலையில் வழிபாட்டுக் கூட்டத்தில் கண்ணை மூடிக் கைகூப்பிப் பாடிய சொல், பத்தரை மணி இடைவேளையில் மைதானத்தில் கல்லாகப் பறக்கும்.

நான் பிறந்தது உளுந்தூர்பேட்டைத் தாலுக்காவில், கூவாகத்துக்கு நடந்து போகும் தூரத்தில். சித்திரைப் பௌர்ணமிக்கு ஆயா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூத்தாண்டவர் கோயிலுக்குப் போவாள். பாரதப் போரில் களப்பலியாகப் போகும் அரவானை ஒருநாள் மட்டும் மணந்துகொள்ள எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் வந்து குவிவார்கள். பட்டுப்புடவை, மல்லிகைச் சரம், கை நிறையக் கண்ணாடி வளையல். பூசாரி கையால் தாலி ஏறும். மறுநாள் தேர் நகர்ந்து அழுகளம் போய்ச் சேர்ந்ததும் தாலி அறுபடும், வளையல் உடையும், வெள்ளைப் புடவை சுற்றிக்கொண்டு மார்பில் அடித்து அழுவார்கள். வெளியூரார் எழுதும்போது விட்டுவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தாலியை எங்கள் ஊர்ப்பக்கத்து ஆண்களும் கட்டிக்கொள்வார்கள், வேண்டுதலாக. எனக்கு மூன்று வயதில் கடுங்காய்ச்சல் கண்டபோது அப்பா வேண்டிக்கொண்டு, அடுத்த சித்திரையில் மீசையும் வேட்டியுமாகப் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்தார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா அவருக்கு மஞ்சள் கயிறு முடிந்த இடத்தில் குங்குமம் வைத்தாள்.

திருவிழா முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்தால், அதே ஊர்ப் பிள்ளைகள், அதே அப்பாக்களின் பிள்ளைகள், மெல்லப் பேசும் ஒரு பையனைக் 'கூவாகம்' என்று கூப்பிடுவார்கள். திருவிழாவுக்கு வருபவர்களைச் சாமி காரியமாக ஏற்றுக்கொண்ட ஊருக்கு, தன் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை வளர்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை. கூவாகத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் யாரோ ஒரு வீட்டிலிருந்து, ஏதோ ஒரு வகுப்பிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

சட்டமும் இதில் தன் பங்கைச் செய்தது. 1860இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், வட மாகாணங்களில் 'அலிகள்' என்று அரசு கருதியவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பெண்ணுடையில் பொது இடத்தில் ஆடினால் தண்டனை, பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன் அவர்கள் வீட்டில் இருந்தாலும் தண்டனை. சட்டத்தின் அந்தப் பகுதி வடக்கோடு நின்றது. ஆனால் "பிள்ளை பிடிக்கிறவங்க" என்ற பயத்தை நான் எங்கள் ஊரிலேயே கேட்டு வளர்ந்தேன். ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்குள் இந்தப் பேச்சு முதலில் நுழைந்தது நோயின் கையைப் பிடித்துக்கொண்டு. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது சென்னையில்தான். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அடுத்த சில வருடங்களில் எங்களுக்குப் பயிற்சி முகாம்கள் வந்தன. முகாமில் சுவரில் மாட்டிய அட்டையில், நோய் பரவும் ஆபத்து மிகுந்த பிரிவினர் என்று ஒரு பட்டியல். அதில் லாரி ஓட்டுநர்களுக்குக் கீழே திருநங்கைகள் இருந்தார்கள். அந்த முகாம்கள் உயிர்களைக் காப்பாற்றின, அதை மறுக்கமாட்டேன். வாயே திறக்காத ஆசிரியர்களை வாய் திறக்கவைத்ததும் அவைதான். ஆனால் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி முதன்முதலாகப் பள்ளிச் சுவரில் படிக்கும் வார்த்தை 'ஆபத்து' என்று இருந்தால், அது எங்கே போய் நிற்கும்?

நான் அவளைத் தொலைத்த அதே 1994இல்தான் சு. சமுத்திரத்தின் 'வாடா மல்லி' நாவல் வெளிவந்தது. பொறியியல் கல்லூரிக்குப் போன சுயம்பு, வீட்டாலும் கல்லூரியாலும் விரட்டப்பட்டு மேகலையாக மாறுகிற கதை. நான் அதைப் படித்தபோது ஏழெட்டு வருடம் கடந்துவிட்டது. பாதி இரவில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர்களே எழுதத் தொடங்கினார்கள். ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', பிரியா பாபுவின் எழுத்துகள். இவர்களின் எழுத்தில் பள்ளிக்கூடம் வரும் பக்கங்களை நான் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். கிண்டல், அடி, கழிப்பறைக்குப் போகப் பயம். ஆசிரியர் நல்லவராக வந்த பக்கங்களை விரல்விட்டு எண்ணினேன்.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரியாதை கற்பிப்பது என்றால் சொற்பொழிவு என்று நினைத்துக்கொள்கிறோம். பள்ளி அதைச் சொற்பொழிவில் கற்பிப்பதில்லை. காலையில் வருகைப் பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு, இரண்டு பட்டியல். வழிபாட்டுக் கூட்டத்தில் இரண்டு வரிசை. உடற்பயிற்சி வகுப்பில் இரண்டு பிரிவு. சத்துணவுக்கு இரண்டு வரிசை. முடி வளர்ந்தால் பி.டி. மாஸ்டர் கத்தரிக்கோலோடு நிற்பார். ஒரு நாளைக்குப் பத்துமுறை, நீ எந்தப் பக்கம் என்று பள்ளி கேட்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி காதில் விழுவதே இல்லை. ஒருத்திக்கு மட்டும் பத்துமுறையும் விழுகிறது. பையன்கள் கழிப்பறையில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்ததால், காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருவாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், மாலை நாலரை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பின்னாளில் அவள் என்னிடம் சொன்னாள். நான் நடத்திய பாடங்களில் பாதியை அந்த வலியோடுதான் கேட்டிருக்கிறாள்.

சொல் மாறியதை நான் என் பணிக்காலத்திலேயே கண்ணால் பார்த்தேன். 1990களின் பிற்பகுதியில் 'அரவாணி' என்ற சொல் செய்தித்தாள்களில் பரவியது, அரவானை மணப்பவள் என்ற பொருளில். 2006 டிசம்பரில், பள்ளி கல்லூரிகளில் அவர்களுக்குச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று சமூக நலத்துறை ஆணையிட்டது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள், நாட்டிலேயே முதலாவதாக, அவர்களுக்கான நலவாரியத்தைத் தமிழ்நாடு அமைத்தது. அந்த ஆண்டுகளில்தான் 'திருநங்கை' என்ற சொல் அரசு ஏட்டிலும் செய்தியிலும் நிலைபெற்றது. கலைஞர் அந்தச் சொல்லைப் பொதுவழக்காக்கினார். ஒரு சொல்லால் என்ன மாறிவிடும் என்று கேட்டவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலும் இருந்தார்கள். வகுப்பில் நடந்ததை நான் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பேச்சை எடுக்க எங்களிடம் இருந்தவை எல்லாம் வசைச் சொற்கள்தான். ஆசிரியர் வாயில் வசைச் சொல் வரக்கூடாது, அதனால் பேச்சே வராது. 'திருநங்கை' வந்தபின் வாயைத் திறக்க முடிந்தது.

2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் இன்னதென்று சொல்லும் உரிமை அவரவருக்கு உண்டு என்று நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் மறுபடி ஐம்பாலுக்கு வந்தேன். இருபது வருடம் கழித்து அதே கேள்வி வந்தது, வேறு சொல்லில். "தமிழம்மா, திருநங்கை எந்தப் பால்?" இம்முறையும் சிரிப்பு இருந்தது, ஆனால் கேட்டவன் சிரிக்கவில்லை.

சாக்கட்டியை எடுத்துத் தொல்காப்பியத்தின் இரண்டு நூற்பாக்களையும் முழுதாக எழுதினேன். பதம் பிரித்தேன். வகுப்பு அமைதியானது. பழைய செய்யுள் என்றால் வரும் அமைதி இல்லை அது. ஒரு பையன், "அப்ப வந்தான்னு சொன்னா மார்க் போயிடுமா?" என்று கேட்டான். "போயிடும்" என்றேன். அது அவர்களுக்குச் சட்டென்று விளங்கியது. ஒரு பெண் எழுந்து, பெண்ணாகப் பிறந்து ஆணாக இருக்க விரும்பினால் என்ன சொல்வது என்றாள். நன்னூலை எழுதினேன். மூன்றாவது அடியையும் மறைக்காமல் எழுதினேன். மறைத்தால் நானும் என் பேராசிரியரும் ஒன்று. "இது தப்புத்தானே, தமிழம்மா?" என்றான் முன்பெஞ்சுப் பையன். நன்னூலைத் தப்பு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. முதலிரண்டு அடிகளுக்கு மூன்றாவது அடி பொருந்தவில்லை என்று மட்டும் சொன்னேன். அவன் தன் நோட்டில் அந்த அடியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

அன்று ஒருத்தி வைத்த யோசனை ஒன்று. எல்லோருக்கும் 'வந்தார்' என்றே சொல்லிவிட்டால் ஆண் பெண் பிரச்சினையே இல்லையே, மரியாதையும் ஆயிற்றே என்றாள். நல்ல யோசனை என்று நானும் பாராட்டினேன். செய்தித்தாள்கள் அப்படித்தான் செய்கின்றன. ஐந்து வருடம் கழித்து, ஓர் இடைவேளையில், பத்தாம் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர் தங்கள் வகுப்பில் படித்த ஒருத்தியை "ஏய், சீக்கிரம் வாடி, சாம்பார் தீந்துடும்" என்று கத்திக் கூப்பிட்டதைக் கேட்டேன். அவள் இன்னும் பையன்கள் பட்டியலில் இருந்தவள், கால்சட்டை போட்டவள். "வாடி" என்றதும் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். பதினைந்து வயதில் ஒருவரை ஒருவர் 'அவர்' என்று சொல்லிக்கொள்வது விலக்கிவைப்பதற்குத்தான். அந்தப் பெண்கள் தொல்காப்பியம் படித்தவர்கள் இல்லை. ஒரு 'டி'யில் நூற்பாவைச் சரியாக நடத்திவிட்டார்கள்.

புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நர்த்தகி நடராஜ் இடம்பெற்றார். மதுரையிலிருந்து புறப்பட்டுத் தஞ்சாவூரில் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர், 2019இல் பத்மஸ்ரீ பெற்றவர். அச்சிட்ட பாடப் புத்தகத்தில் ஒரு திருநங்கையின் பெயர் மரியாதையோடு வருவது எங்கள் தொழிலில் பெரிய விஷயம். அதில் கேள்வி வரும், அதனால் ஆசிரியர் தாண்ட முடியாது.

2021 எங்கள் பள்ளி கொரோனாவால் மூடிக்கிடந்த வருடம். மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் காதலித்தவர்கள், சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவரிடம் தாமே பாடம் கேட்க உட்கார்ந்தார். கேட்டு முடித்துத்தான் ஜூன் 7ஆம் நாள் உத்தரவை எழுதினார். பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது, பாலின வேறுபாடற்ற கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றுவது, ஆலோசகர்களை அமர்த்துவது என்று பள்ளிகளுக்கும் அதில் வழிகாட்டுதல்கள் இருந்தன. முப்பது வருடம் கற்பித்தவளாகச் சொல்கிறேன், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கற்கப் போன அந்த ஒரு செயலை நான் அந்த உத்தரவின் எல்லாப் பத்திகளுக்கும் மேலாக வைக்கிறேன்.

அதே ஆண்டின் இறுதியில் என்.சி.இ.ஆர்.டி. திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. அதை ஒரு தோழி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பேசிப் பேசித் தேய்ந்த வரிசைகள், சீருடை, கழிப்பறை, எல்லாம் அதில் இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் இரண்டிலும் சேராதவர்களாக 4,87,803 பேர் பதிவானார்கள். தமிழ்நாட்டில் 22,364. மொத்தத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் 54,854. நான் ஓய்வுபெற்ற 2022இல் அந்தக் குழந்தைகளுக்குப் பதினொன்றிலிருந்து பதினேழு வயது. எடுத்துவிட்ட அந்தக் கையேடு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அப்போது வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மதுரைப் பெண்களைப் பற்றி என் கடைசி வருட மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் நூற்பா இல்லை. "ரெண்டு பேருமே பெண்பால்தான். அப்ப இலக்கணத்துல என்ன பிரச்சினை, தமிழம்மா?" என்றாள். ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். அகத்திணை நடத்தும்போது தலைவன், தலைவி என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் இது. 377ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தளர்த்தியபோதும் ஆசிரியர் அறையில் நாங்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். 2022 ஆகஸ்டில் அரசு இவர்கள் எல்லோரையும் குறிக்கத் தக்க சொற்களின் தொகுதி ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. நான் அப்போது பள்ளியில் இல்லை. அந்தப் பெண் கேட்ட நாளில் என் கையில் அது இருந்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மறுவருடம், சித்திரை மாதம், மாலை ஐந்து மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. இறங்கியவள் நாற்பதைத் தாண்டியவள். மஞ்சள் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு, தோளில் ஒரு கைப்பை. "தமிழம்மா, என்னைத் தெரியுதா?" என்றாள். குரல் தெரியவில்லை. பெயரைச் சொன்னாள், பழைய பெயரை. பிறகு இப்போதைய பெயரைச் சொன்னாள். உள்ளே வாம்மா என்றேன்.

கூவாகத்துக்கு வந்தவள் அப்படியே எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருக்கிறாள். மாவட்ட ஆட்சியரிடம் அடையாள அட்டை வாங்கிவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றதால் பள்ளியின் ரெக்கார்டு ஷீட் வேண்டும், அதில் பெயர் மாற்ற வேண்டும், எங்கே மனுக் கொடுப்பது என்று கேட்கத்தான் வந்தாள். எழுதிக் கொடுத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னது அப்போதுதான். மும்பையில் இருந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

நான் அந்த ஸ்கேல் அடியையும், பிறகு சொன்ன வார்த்தையையும் நினைவுபடுத்தி, தப்பு செய்துவிட்டேன் என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அப்போது நூற்பாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பையன் கேட்ட கேள்விக்குத் தொல்காப்பியத்தில் பதில் இருக்கிறது, உன்னை 'வந்தான்' என்று சொல்ல இடமில்லை என்று அதில் இருக்கிறது, தெய்வத்தோடு சேர்த்து உன்னைச் சொல்லியிருக்கிறது.

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, தமிழம்மா" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை.

"ஒரு தாள்ல எழுதிக் குடுங்க" என்றாள். பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, இரண்டு நூற்பாக்களையும் பதம் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தாள். மூன்றாவது முறை தாளைப் பார்க்காமல் சொன்னாள்.